ஐம்பத்தெட்டைக் கழித்தால்

“செத்துப்போச்சு” என்றான் சோலைராஜ். கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்கிறவள் முன்னால் சொல்கிற வார்த்தையா அது, பேட்டரி செல்லு தீர்ந்துபோச்சு என்று சொன்னால் வாய் கோணிக்கொள்ளுமா என்று முனீஸ்வரிக்குச் சுருக்கென்றது. பாத்ரூம் வாசலில் எடை மிஷின் மேல் நின்றிருந்தாள், பிள்ளை ஈரத் தலையோடு தோளில், உள்ளங்காலுக்குக் கீழே கண்ணாடி ஜில்லென்று. எண் வருகிற சின்னச் சன்னலை அவளால் பார்க்க முடியாது, பிள்ளையின் தொடை மறைக்கும். இரண்டு மாதமாக ஞாயிறு தவறாமல் இதுதான் நடக்கிறது. ஆதிரையைக் குளிப்பாட்டித் துவட்டிய கையோடு இவள் ஏறி நிற்பாள், புருஷன்காரன் குத்தவைத்துக் குனிந்து சன்னலைப் பார்த்துச் சொல்லுவான், குறி சொல்கிற கோடாங்கி மாதிரி. இன்றைக்குக் கோடாங்கிக்கே வாக்கு வரவில்லை. “மிஷினுக்கே சலிச்சுப்போச்சு போல” என்று அடுப்படியிலிருந்து பொன்னுத்தாய் மதினியின் குரல் வந்தது. சோலைராஜின் அக்கா. தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள், அடுத்த தெருவில் வீடு, ஆனால் பொழுது விடிந்தால் இந்த வீட்டு அடுப்படியில்தான் இருப்பாள். “வாரா வாரம் இறங்குற பிள்ளைய அதுதான் எத்தனை தடவை பாக்கும்? வெந்நி கொதிக்குதுடா தம்பி, நான் பால் புட்டியப் போட்டுட்டேன்.” “இரு அக்கா, ரெண்டு செல்லு வாங்கிட்டு ஓடியாந்துர்றேன். கடைசியா ஒரு தடவை பாத்துருவோம். ஏறியிருந்தா விட்டுருவோம். இல்லையா, இன்னைலருந்து டப்பாப் பாலு.” அதைச் சொல்லும்போது அவன் இவளைப் பார்க்கவில்லை, மிஷினைப் பார்த்தான். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கீழே இருக்கிற கடை அடைத்திருக்கும், பஸ் ஸ்டாண்டுப் பக்கம்தான் போகவேண்டும். அவன் திரும்பி வருகிறவரைக்கும் தவணை. அடுப்படியில் புட்டி கொதிக்கிற தண்ணீரில் உருண்டு ஏனத்தில் இடித்துக்கொண்டிருந்தது, டொக், டொக், டொக்.

சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். பிள்ளை முட்டி முட்டிக் குடித்தது. மொடக் மொடக்கென்று விழுங்குகிற சத்தம் காதில் விழுகிறது, கடைவாயில் வழிகிறது, அப்புறம் எங்கே வற்றிப்போச்சு? சத்தத்துக்கு எடை உண்டா, மிஷினில் வைத்துக் காட்ட? கரண்டில் ஓடுகிற மிஷினாக வாங்குங்கள் என்று அன்றைக்கே தலைபாடாக அடித்துக்கொண்டாள். கம்பெனியில் தீபாவளிக்கு வருஷா வருஷம் குடம் கொடுப்பார்கள், குக்கர் கொடுப்பார்கள், இந்த வருஷம் எந்த மகராசனுக்குத் தோன்றியதோ ஆளுக்கொரு எடை மிஷின். வயர் வைத்தது வேண்டுமா செல்லு போட்டது வேண்டுமா என்று கேட்டுத்தான் கொடுத்தார்களாம். போனில் இவளைக் கேட்டான். “வயர் வச்சது மச்சான்” என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். செல்லு போட்டதைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். “பாத்ரூம் மிஷினுடி இது. ஈரக் காலோட ஏறுவ. கரண்டு அடிச்சா? பேட்டரின்னா சேஃப்டி.” “நம்ம பாத்ரூம்ல நானே ஒருச்சாய்ச்சுத்தான் நிக்கிறேன், இதுல மிஷினுக்கு எங்க எடம்? வெளியிலதான் கெடக்கப்போகுது. டிவி பிளக்குல சொருகினா ஓடிட்டுப் போகுது.” அதற்கு மதினி, இவனைப் பார்த்துக்கொண்டு இவளுக்குச் சொன்னாள், “கரண்டு மேல பிள்ளையத் தூக்கிவச்சு நிப்பாட்டுவாங்களா? அவுங்க ஊர்ல வேணா செய்வாங்க.” அவுங்க ஊர். அவுங்க ஊரில் மனுஷங்களே இல்லை பாருங்கள், எல்லாம் கரண்டுக் கம்பியில் துணி காயப்போடுகிறவர்கள். அன்றைக்கு இவள் சிரித்துவிட்டாள். அதுதான் இவளிடம் இருக்கிற வியாதி, எதற்கெடுத்தாலும் சிரிப்பு வந்துவிடும், பள்ளிக்கூடத்தில் சிரிப்பாணி என்றுதான் பேர். சிரித்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. பிளக்கில் சொருகுகிற எதற்காவது இந்த வீட்டில் யாராவது கணக்குப் பார்த்ததுண்டா? ஃபேன் ஆளில்லாமல் சுற்றும், டிவி பாட்டுக்குக் கத்திக்கொண்டிருக்கும், மதினி மிக்ஸியைப் போட்டுவிட்டு வாசலில் கீரைக்காரியோடு பேசப் போய்விடுவாள். சுவருக்குள்ளிருந்து வருகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை, வந்துகொண்டே இருக்கும் என்று நினைப்பு. அதுவே விரல் தண்டி செல்லு என்று வந்துவிட்டால் எல்லாருக்கும் பொறுப்பு வந்துவிடுகிறது. சும்மா சும்மா ஏறாதே, செல்லு போயிரும். சட்டென்று இறங்கு, செல்லு போயிரும். ஒரு நாள் குழம்பு கொதிக்கிற நேரத்தில் கால் தெரியாமல் பட்டு மிஷின் வெளிச்சம் போட்டுவிட்டது, அதற்கு ஒரு பேச்சு. செல்லு தீர்ந்துவிடும் என்று எல்லாருக்கும் தெரிகிறது. டொக், டொக். அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க மாரில் பால் கட்டிக்கொண்டு விண்ணென்று தெறித்தது, பிள்ளை ஒரு பக்கம் குடிக்க இன்னொரு பக்கம் ஜாக்கெட் நனைந்தது. இது பால் இல்லாமல் பன்னீரா?

ஆனால் ஒருவேளை. இந்த ஒருவேளைதான் இரண்டு மாதமாக மீன்முள் மாதிரித் தொண்டையில் நிற்கிறது. ஒருவேளை நிஜமாகவே தண்ணியாகப் போய்விட்டதோ, நிறம் மட்டும் இருக்கிறதோ, சத்து இல்லையோ. மிஷின் எதற்குப் பொய் சொல்லப்போகிறது, அதற்கு நான் மச்சினியா நாத்தியா. முதல் நாள் அது சொன்னது அச்சு அசல் சரியாக இருந்ததே. அன்றைக்குக் காலையில்தான் ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட சிஸ்டர் பிள்ளையை நிறுத்து அஞ்சரைக் கிலோ என்று சொல்லியிருந்தாள். சாயங்காலம் புது மிஷினைப் பிரித்ததும் சோலைராஜ் முதலில் இவளைத் தனியாக ஏறச் சொன்னான், ஐம்பத்தெட்டு. அப்புறம் பிள்ளையோடு ஏறச் சொன்னான், அறுபத்து மூன்றரை. ஐம்பத்தெட்டைக் கழித்தால் அஞ்சரை. “ஆஸ்பத்திரி எடை! அப்படியே ஆஸ்பத்திரி எடை!” என்று குதித்தான், ஏதோ அவனே மிஷினைச் செய்த மாதிரி. அப்புறம்தான் அந்த யோசனையைச் சொன்னான். “இனிமே நீ ரெண்டு தடவை ஏற வேணாம். செல்லு வீணு. உன் எடைதான் தெரிஞ்சுபோச்சே, ஐம்பத்தெட்டு. பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஒரே தடவை ஏறு, நான் மனசுலயே கழிச்சுக்கிறேன்.” மனசுலயே கழித்தான். முதல் இரண்டு வாரம் கூடவும் இல்லை குறையவும் இல்லை, பல் சூடு என்றார்கள். அடுத்த வாரம் குறைந்தது. மதினி முகம் சுருங்கிப்போனது. “பால்ல கோளாறு. கண்டதையும் தின்னா பிள்ளைக்கு எப்படிச் செரிக்கும்?” என்று பத்தியத்தை இறுக்கினாள். கத்தரிக்காய் கரப்பான், மாங்காய் மாந்தம், தயிர் சளி, கடலை பித்தம், ராத்திரிச் சோறு வயிற்றுப் பொருமல், ஆக மொத்தம் காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் ஒரு கரண்டிச் சோறும் பூண்டு ரசமும், ராத்திரிக்கு ரொட்டித் துண்டு. அடுத்த வாரம் இன்னும் குறைந்தது. இன்னும் இறுக்கினாள். பருப்பு போனது, முட்டை போனது. போன ஞாயிறு அறுபத்து இரண்டரை, கழித்தால் நாலரை. பிறந்தபோது ரெண்டரைக் கிலோ இருந்த பிள்ளை, அஞ்சரைக்கு ஏறிவிட்டு நாலரைக்கு இறங்குமா? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவோம் என்றாள் முனீஸ்வரி. “அடுத்த ஊசி ஒன்பதாம் மாசம்தானே. வீட்டுல மிஷினை வச்சுக்கிட்டு அங்க போயி வரிசையில நின்னு சளி பிடிச்சுட்டு வரவா?” என்றான் சோலைராஜ். அன்றைக்கு ராத்திரி பசியில் தூக்கம் வராமல் புரண்டு படுத்து, பசிக்கிறது என்று சொல்லக் கூச்சப்பட்டு, நாலரை நாலரை என்று அதையே முணுமுணுத்துக்கொண்டு கிடந்தாள். எல்லாம் தன்னால்தான், தன் உடம்பில்தான் எங்கோ ஓட்டை என்று.

பிள்ளை குடித்தபடியே தூங்கிப்போயிற்று. எழுந்திருக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது, சுவரைப் பிடித்து நின்றாள், கை வளையல் இரண்டும் முழங்கை வரைக்கும் சறுக்கிப் போய்த் திரும்பி வந்தன. ரப்பர் வைத்த மாதிரி ஆகிவிட்டன இந்த வளையல்கள், ஜாக்கெட்டும் அப்படித்தான், தையல்காரன் தளர்த்தித் தொலைத்திருக்கிறான், யாரிடம் போய்ச் சண்டை போட. தொட்டிலில் பிள்ளையைக் கிடத்தினாள். தொட்டில் ஸ்பிரிங் கிறீச்சென்று இறங்கிச் சேலையின் அடி தரையைத் தொட்டது. மூன்று மாதம் முன்னால் ஒரு ஜாண் உயரத்தில் ஆடிய தொட்டில். ஸ்பிரிங்கும் போச்சு. இந்த வீட்டில் எல்லாம் போச்சு, செல்லு போச்சு, ஸ்பிரிங் போச்சு, என் பால் போச்சு. “தூங்கிருச்சா?” என்று மதினி அடுப்படியிலிருந்து கேட்டாள். “எழுப்பிராத. முழிச்சதும் புட்டியக் குடுத்துப் பழக்கிருவோம்.” அப்பா ஞாபகம் வந்தது. வந்தது என்றால் பிரியமாக வரவில்லை, சண்டை போடுகிற அப்பாவாக வந்தார். மிளகாய் வற்றல் மூட்டைகளோடு கமிஷன் மண்டிக்குப் போனால் ஒவ்வொரு தடவையும் ஒரு ரகளை. முழு மூட்டையையும் தராசில் தூக்கி வைத்து, கோணிக்கு என்று மூட்டைக்கு இவ்வளவு என ஒரே எடையைக் கழிப்பார்கள். அப்பாவின் கோணிகள் பழசு, நூல் தேய்ந்து, தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் தெரியும். “தேஞ்ச கோணிக்குப் புதுக் கோணி எடையவா கழிப்பீக? தனியா நிறுத்துட்டுக் கழிங்க மொதலாளி” என்று கத்துவார். அவர்கள் சிரிப்பார்கள். ஏழு வயசுப் பிள்ளையாகப் பக்கத்தில் நின்று அவளும் சிரித்திருக்கிறாள், சிரிப்பாணிதானே. எதற்கு இப்போது மண்டி ஞாபகம்? எதிலோ கால் இடறின மாதிரி இருந்தது, எதில் என்று தெரியவில்லை. டிவி மேல் ரிமோட் கிடந்தது. அதைப் பார்த்ததும் மறுபடியும் பற்றிக்கொண்டது. நேற்றுத்தான் அதற்குப் புதுச் செல்லு போட்டான், மேட்ச் ஓடும்போது சேனல் மாறவில்லை என்று தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு நடுவில் எழுந்து ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வந்தான். அதே விரல் தண்டி, அதே இரண்டு. மட்டையடிக்கிறவனைப் பார்க்கப் புதுச் செல்லு, பிள்ளைக்கு மட்டும் சாகிறவரைக்கும் பழைய செல்லு. ரிமோட்டின் முதுகு மூடியை நகத்தால் நெம்பித் திறந்தாள், இரண்டையும் பிடுங்கினாள், மிஷினைக் கவிழ்த்துப் போட்டு மாற்றினாள். ஒரு நிமிஷ வேலை. இதற்காகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறான் மகராசன்.

வெளிச்சம் வருகிறதா என்று பார்க்கத்தான் ஏறினாள். வேறு எதற்கும் இல்லை. பிள்ளை தொட்டிலில், கை இரண்டும் காலியாக, காலுக்குக் கீழே பழைய ஜில்லிப்பு. இரண்டு மாதத்தில் முதல் தடவையாகத் தொடை மறைக்காமல் தன் இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவே அந்தச் சன்னலை அவளே பார்த்தாள். எண் துடித்தது, ஏறியது, இறங்கியது, நின்றது. ஐம்பத்தைந்தரை. புதுச் செல்லும் பொய் சொல்லுமா என்று இறங்கி மறுபடி ஏறினாள். ஐம்பத்தைந்தரை. ஐம்பத்தெட்டு எங்கே? அடுப்படி வாசலில் பிரிக்காத அஞ்சு கிலோ அரிசிப் பை இருந்தது, அதைத் தூக்கிக்கொண்டு வந்து ஏறினாள், மதினி, “அரிசிய எங்கத்தா தூக்கிட்டுப் போற?” என்று கேட்டது பின்னாலேயே வந்தது. அறுபதரை. அரிசி சரி. மிஷின் சரி. அப்போது ஐம்பத்தைந்தரை என்பது நான். நான்தான். அரிசிப் பையை இறக்கி வைத்துவிட்டு, தூங்குகிற பிள்ளையை மெல்ல அள்ளித் தோளில் சாய்த்துக்கொண்டு ஏறினாள். தொடையைக் கையால் ஒதுக்கிக் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். அறுபத்து இரண்டரை. போன வாரத்து அதே எண். அவன் இருந்தால் மனசுலயே கழித்து நாலரை என்பான். அறுபத்து இரண்டரையில் ஐம்பத்தைந்தரை போனால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி விரலை மடக்கினாள், ஏழு. ஏழு கிலோ. ஏழு கிலோ என் தங்கம், என் பவுனு, ஸ்பிரிங்கை இழுத்துத் தரையில் போட்ட ராசாத்தி. ஒரு நொடி சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் நின்றது. ரெண்டரைக் கிலோ போயிருக்கிறது தன்னிடமிருந்து. ரெண்டரை. ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றி முதன்முதலாகக் கையில் கொடுத்தபோது பிள்ளை இருந்த எடை. ஒன்றைப் பெற்று இறக்கிவைத்தது போதாது என்று இன்னொரு பிள்ளை எடையை இந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் இறக்கிவைத்திருக்கிறாள், வளையல் சறுக்கியதும் கண் இருட்டியதும் தையல்காரனைத் திட்டியதும் எல்லாம் அதுதான். தேய்ந்த கோணி. தேயத் தேயப் பழைய எடையையே கழித்துக் கழித்து, பிள்ளை குறைகிறது, பிள்ளை குறைகிறது என்று கோணிக்குப் போடுகிற சோற்றையும் பிடுங்கியிருக்கிறார்கள். சோற்றைக் குறைக்கக் குறைக்க எண் குறையும், எண் குறையக் குறையச் சோறு குறையும், செக்கு மாடு கூடச் சுற்றி வந்தால் எண்ணெய் கிடைக்கும். இன்னொரு தடவை ஏறச் சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஏன், செல்லு போயிரும். அவர்களைச் சொல்வானேன், பத்தாம் வகுப்புக் கணக்கில் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கிய சிறுக்கி நீ, உனக்குத் தோன்றியதா? இந்த மிஷின் சுவரில் சொருகிக் கிடந்திருந்தால் போகிற போக்கில் எத்தனை தடவை மிதித்திருப்பாள். கோபமா பசியா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை, இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்பி வந்தன.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தாள். மதினி டப்பாவின் மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பிக்கொண்டிருந்தாள். “இதைக் கொஞ்சம் பிடிங்க மதினி” என்று பிள்ளையை அவள் கையில் கொடுத்தாள். “தூங்குற பிள்ளைய ஏன்டி தூக்கிட்டு வார?” என்று வாங்கியவள் இடுப்பை ஒடித்துக் கால் மாற்றி நின்றாள். “எப்படி இருக்கு?” “என்ன எப்படி?” “கனம்.” மதினி பிள்ளையை ஒரு தடவை மேலே எக்கிப் பார்த்தாள். “கனக்கத்தான் செய்யுது. நானும் தெனம் நெனப்பேன், என்ன இப்படிக் கனக்குதேன்னு. மிஷின் வேற சொல்லுதே, நமக்குத்தான் கையி ஓஞ்சுபோச்சு போலன்னு விட்டுட்டேன்.” “ஏழு கிலோ.” “யாரு?” “உங்க மருமக. என்னையத் தனியா நிறுத்தேன் மதினி. உங்க தம்பி மனசுல இருக்காளே ஐம்பத்தெட்டு, அவ செத்துப்போய் ரொம்ப நாளாச்சு. ரெண்டரைக் கிலோ கரைஞ்சு போயிருக்கேன். நீங்க அதைப் பிள்ளைகிட்டத் தேடிக்கிட்டு இருக்கீங்க.” மதினிக்குச் சட்டென்று விளங்கவில்லை, பிள்ளையைப் பார்த்தாள், இவளைக் கழுத்திலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள், கழுத்தெலும்பில் வந்து கண் நின்றது. அதற்குள் முனீஸ்வரி அடுப்பை அணைத்துவிட்டாள். டொக் டொக் நின்றது. புட்டியை இடுக்கியால் எடுத்து ஜன்னல் திட்டில் குப்புறக் கவிழ்த்தாள். தட்டை எடுத்தாள். தம்பிக்கென்று மதினி கைமணக்க வைத்திருந்த கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு மூடியிருந்தது, மூடியைத் திறந்ததும் வாசனை மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. சோறு ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி, இன்னும் ஒன்று. “ஏத்தா, கத்தரிக்காய்டி, பிள்ளைக்குக் கரப்பான்—” “வரட்டும்.” “பதமாத் தின்னு, தொண்டையில முள்ளு கிள்ளு...” என்று மதினியின் குரல் பாதியில் வேறு குரலாக இறங்கிப்போனது. அடுப்படித் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து பிசைந்தாள். முதல் கவளம் உள்ளே போனபோது வயிறு அதை நம்பவில்லை. மூன்றாவது கவளத்தில்தான் நம்பியது. மதினி பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு ஒரு கையால் அப்பளத்தைப் பொரிக்க எண்ணெய்ச் சட்டியை வைத்தாள். வாசலில் செருப்புச் சத்தம். “முனீசு! கெடைச்சுருச்சு! ஏறு ஏறு, பிள்ளையத் தூக்கிக்கிட்டு வா!” என்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்த சோலைராஜ் அடுப்படி வாசலில் அப்படியே நின்றான், கையில் இரண்டு செல்லு. தட்டைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். “என்னக்கா இது? பத்தியம்?” “அவ சாப்பிடட்டும்டா” என்றாள் மதினி, அடுப்பைப் பார்த்தபடி. முனீஸ்வரி வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு நிமிர்ந்தாள். “அதை ரிமோட்டுல போடுங்க. மிஷின் ஓடுது. சாப்பிட்டு வந்து முதல்ல நான் ஏறுவேன், தனியா. அப்புறம் பிள்ளையோட. அப்புறம் நீங்க ஏறுங்க, மதினி ஏறட்டும், அரிசிப் பையி ஏறட்டும். நாளைக்குக் காலையிலயும் ஏறுவேன், சோத்துக்கு முன்னால ஒரு தடவை, சோத்துக்குப் பின்னால ஒரு தடவை. செல்லு தீந்தா திரும்பவும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுங்க.” சொல்லிவிட்டுத் தட்டை மதினி பக்கம் நீட்டினாள், இன்னும் ஒரு கரண்டிக்கு.